நம் போர்த் தண்ணீரில் வந்த எண்ணெயின் பூர்வீகம்

அன்புள்ள அக்காவுக்கு,

நீ காத்திருந்த பதில் வந்துவிட்டது. கேட்க நீ இல்லை என்பதால் எழுதுகிறேன். நல்ல சேதி இல்லை, அக்கா.

நம் ஆழ்துளைக் கிணற்றில், அந்தப் போர்த் தண்ணீரில், முதன்முதலாக எண்ணெய் மிதந்த அன்று நீ போனில் போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. "ஏலே, தண்ணில மண்ணெண்ண வாடை அடிக்குது. மொளகாச் செடியெல்லாம் கருகிப் போச்சு. அந்த எண்ணெக் கம்பெனிக்காரன் தோண்டுனதுதான் இங்கன வந்துருக்கு. நீ படிச்ச படிப்பு இதுக்காவது ஒதவட்டும்." ஊறுகாய் பாட்டிலைக் கழுவி, தண்ணீர் பிடித்து, பரமக்குடி போகிற யாரிடமோ கொடுத்தனுப்பினாய். நான் வேலை பார்க்கும் ஆய்வகத்தில் திறந்தால் எலுமிச்சை ஊறுகாய் வாசம்! அதை வைத்து எதையும் சோதிக்க முடியாது என்று நானே கண்ணாடிக் குப்பிகளோடு ஊருக்கு வந்தேன்.

ஒப்பிட்டுப் பார்க்கக் கம்பெனியின் எண்ணெயும் வேண்டியிருந்தது. தர மறுத்தார்கள். ஊர்ப் பெண்களோடு நீ கலெக்டர் ஆபீஸ் வாசலில் வெயிலில் உட்கார்ந்த பிறகுதான் தந்தார்கள். அது என் கைக்கு வந்த வாரத்தில்தான் மாரடைப்பு வந்து நீ போய்ச் சேர்ந்தாய்.

எண்ணெய்க்கும் பூர்வீகம் உண்டு, அக்கா. எந்தக் காலத்திலோ கடலடியில் மடிந்த நுண்ணுயிர்களிலிருந்து உண்டானது அது. அவற்றின் உடம்பிலிருந்த சில மூலக்கூறுகள் உருக்குலையாமல் இன்னும் எண்ணெயில் இருக்கின்றன. அவற்றைப் பார்த்தால் இரண்டு எண்ணெய்களும் ஒரே பாறையில் பிறந்தவையா என்று சொல்லிவிடலாம். பாறை வழியே ஊர்ந்து வரும்போது எண்ணெயிலுள்ள வேறு சில பொருட்கள் வழியிலுள்ள பாறையில் ஒட்டிக்கொண்டு குறைந்துபோகும். எவ்வளவு தூரம் நகர்ந்து வந்தது என்பது அதில் ஓரளவு தெரியும்.

இரண்டும் ஒரே பாறையில் பிறந்தவைதான். அதைப் பார்த்ததும் நீ சொன்னதே சரி என்று நினைத்தேன். ஆனால் கம்பெனியின் எண்ணெய் சிதையாமல் முழுசாக இருந்தது. நம்முடையதை மண்ணுக்குள் பாக்டீரியாக்கள் பெரும்பாலும் தின்று தீர்த்திருந்தன. அந்த அளவுக்குத் தின்ன மனித ஆயுள் போதாது. கம்பெனி வருவதற்கு வெகுகாலம் முன்பே அது தானாக மேலேறி வந்து, நம் நிலத்துக்கு அடியில் மணலில் தங்கியிருக்கிறது. மழை பொய்த்த வருஷம் போர் வண்டிக்காரரிடம், "இன்னும் கீழ எறக்குங்கண்ணே, தண்ணி வராமயா போயிரும்" என்றாயே. அந்தக் குழாய்தான் போய் அதைத் தொட்டிருக்கிறது.

இனி யாரிடம் போய் நியாயம் கேட்பது?

அத்தானிடம் சொன்னேன்.

"அப்ப அவ சொன்னது தப்புங்கிறியா?"

"அக்கா சந்தேகப்பட்டதுல தப்பில்ல அத்தான். ஆனா எண்ண அங்கருந்து வரல."

"கம்பெனிக்காரன் ஒனக்கு என்னமும் குடுத்தானா மாப்ள?"

கேட்ட மறுகணமே துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். எனக்குக் கோபம் வரவில்லை. நீ இருந்திருந்தால் நீயும் அதைத்தான் கேட்டிருப்பாயோ?

கிழக்குக் கொல்லையில் இன்னொரு போர் போட வண்டிக்குச் சொல்லியிருக்கிறார். முன்னதைவிட ஆழமாக. அங்கேயும் அதே மணல்தான் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். "வேற என்னத்தச் செய்யச் சொல்ற? தண்ணி வேணும்ல?" என்றார். மேலே கிடைக்கிற தண்ணீர் உப்பு, அடியில் எண்ணெய்.

அடுத்த ஊர்க்கூட்டத்தில் எழுந்து நின்று இதைச் சொல்லப் போகிறேன். கம்பெனி ஆள் என்பார்கள். உன்னோடு வெயிலில் உட்கார்ந்த பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். ஆழமாகப் போர் தோண்டுவதும் நிற்காது. தெரிந்துதான் போகிறேன். வேறு யாராவது இதைக் கண்டுபிடித்துச் சொன்னால் உன்னை ஏளனம் செய்து சொல்வார்கள், அக்கா. நான் அழுதுகொண்டாவது சொல்வேன்.

உன் கூடப்பிறந்தவன்,
முருகேசன்