இருவருக்கான அறை

ஜூன் 3, செவ்வாய்

என்னங்க,

ஒரே வீட்டில் இருந்துகொண்டு புருஷனுக்குக் கடிதம் எழுதும் முதல் பைத்தியம் நானாகத்தான் இருப்பேன். டப்பாவைத் திறந்ததும் பயந்துவிடாதீர்கள். மேல் தட்டில் கடிதம், கீழ்த் தட்டில் சாப்பாடு. நீங்கள் லிஃப்ட் மோட்டாரைப் பார்த்துக்கொண்டே வாயில் எதையாவது போடுகிறவர், அதனால்தான் சொல்கிறேன்.

வேறு என்ன வழி? நீங்கள் காலையில் கிளம்பும்போது நான் மாமாவுக்கு உடம்பு துடைத்துக்கொண்டிருக்கிறேன். நான் ஆஸ்பத்திரியில் இருந்து திரும்பும்போது நீங்கள் மாமா கட்டிலுக்குக் கீழே வாயைத் திறந்து தூங்குகிறீர்கள். உங்கள் லீவு ஞாயிறு, என்னுடையது புதன். போனில் ஏதாவது அனுப்பலாம் என்றால், அதை உங்கள் அக்கா மகள் பொம்மைப்படம் பார்க்க எடுத்துக்கொள்கிறாள். வருகிற செய்தியைச் சத்தமாக வாசிக்கவும் கற்றுக்கொண்டிருக்கிறாள். போன வாரம் நீங்கள் எனக்கு எழுதியதை வீடே கேட்டது. அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். எனக்குத்தான் மானம் போயிற்று.

குறை சொல்லவில்லை. அப்பா அம்மா இல்லாமல் ஹாஸ்டலிலேயே வயதைக் கழித்தவள் நான். ஒரு குடும்பம் வேண்டும் என்று ஏங்கித்தான் உங்கள் வீட்டுக்கு வந்தேன். ஆனால் கல்யாணமாகி நாலு மாதம் ஆகிறது, நாம் ஒரு கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்து பேசியிருக்கிறோமா? இருக்கிற ஒரே அறையில் உங்கள் அக்காவும் மகளும். கூடத்தில் மாமாவும் நீங்களும். அடுப்படியில் அத்தையும் நானும்.

எங்கள் ஆஸ்பத்திரி வளாகத்தில் ஒரு குவார்ட்டர்ஸ் காலியாகிறதாம். கல்யாணமான ஊழியர்களுக்கு மட்டும். ஒரு அறை, ஒரு அடுப்படி. கேட்கட்டுமா? டப்பாவைக் கழுவாமல் வையுங்கள், நானே திறந்து கழுவுகிறேன், பதில் மேல் தட்டில் இருக்கட்டும்.

உங்கள் வாயாடி


ஜூன் 5, வியாழன்

என் வாயாடிக்கு,

கடிதத்தைத் தின்னவில்லை. எண்ணெய்க் கறை மட்டும் பட்டுவிட்டது. கூட வேலை பார்க்கும் எலக்ட்ரீஷியன், "என்னப்பா, லவ் லெட்டரா? யாரு?" என்று கேட்டான். என் பெண்டாட்டி என்றேன். "அவங்களுக்கென்ன தலையெழுத்து, லெட்டர் எழுதணும்னு?" என்கிறான்.

உங்கள் ஆஸ்பத்திரி லிஃப்ட்டில் நீ கருவி வண்டியோடு மாட்டிக்கொண்ட நாளை நினைத்துக்கொண்டேன். நான் கதவை நெம்பித் திறந்ததும் நீ நன்றி சொல்லவில்லை, "இவ்வளவு நேரமா?" என்று சண்டைக்கு வந்தாய். அன்றைக்கே விழுந்துவிட்டேன். அந்தப் பெட்டியில் இருந்து உன்னை எடுத்து இன்னொரு பெட்டிக்குள் போட்டுவிட்டேனே என்று வெட்கமாக இருக்கிறது.

உடனே கேள். நாம் போகிறோம். பகலில் அக்கா அப்பாவைப் பார்த்துக்கொள்ளட்டும், ஒருநாள் விட்டு ஒருநாள் இரவு நான் வந்துவிடுகிறேன். சத்தியமாகச் சொல்கிறேன்.

உன் என்னங்க


ஜூன் 19, வியாழன்

என்னங்க,

கிடைத்துவிட்டது! எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. ஆபரேஷன் கருவிகளைக் கட்டும்போது கத்திரிக்கோல் கட்டுக்குள் இடுக்கியை வைத்து, பிரித்து மறுபடி கட்டினேன். சூப்பர்வைசர் அம்மா, "என்ன, புருஷன் ஞாபகமா?" என்று கிண்டல் செய்தார். ஆமாம் மேடம் என்று வெட்கமில்லாமல் சொன்னேன்.

மாடியில் கடைசி வீடு. ஜன்னல் கொஞ்சம் மக்கர் செய்கிறது, நீங்கள் பார்த்தால் சரியாகிவிடும். கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்கிறது. போட்டுப் போட்டுப் பார்த்தேன். ஒன்றாம் தேதி போய்விடலாம், சரிதானே? பதினைந்தாம் தேதிக்குள் குடி வராவிட்டால் அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவார்களாம்.

இப்போதே மாமாவிடம் சொல்லிவிட்டேன். வாதத்தில் இழுத்த வாய் கோணிக்கொண்டாலும் சிரித்தார். அவரைச் சுத்தம் செய்யும்போது தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொள்வார், கவனித்திருக்கிறீர்களா? எனக்குக் கூச்சம் வரக்கூடாதாம். அவரை விட்டுப் போவதுதான் கஷ்டமாக இருக்கிறது. மற்றபடி ஒன்றும் இல்லை.

உங்கள் வாயாடி


ஜூன் 23, திங்கள்

என் வாயாடிக்கு,

ஒன்றாம் தேதி வேண்டாம். கோபித்துக்கொள்ளாதே. அப்பாவுக்கு முதுகில் புண் வர ஆரம்பித்திருக்கிறது. இரவில் திருப்பித் திருப்பிப் படுக்கவைக்க வேண்டும், அம்மாவின் முழங்கால் அதற்குத் தாங்காது. அக்காவும் வக்கீல் வீடு, அவள் புருஷன் வீடு என்று அலைந்துகொண்டிருக்கிறாள். பதினைந்துக்குள் எப்படியாவது ஒரு வழி செய்கிறேன். நீ பொறுமைசாலி, எனக்குத் தெரியும்.

உன் என்னங்க


ஜூலை 2, புதன்

என்னங்க,

இன்று லீவு. கடைக்குப் போகிறேன் என்று அத்தையிடம் பொய் சொல்லிவிட்டு நம் வீட்டுக்குப் போய்ப் பெருக்கிக் கழுவினேன். பிறகு தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு வெறும் தரையில் உட்கார்ந்திருந்தேன். யாரும் கூப்பிடவில்லை. கொஞ்ச நேரம் காதைத் தீட்டிக்கொண்டே இருந்தேன், யாராவது கூப்பிடுவார்கள் என்று. அப்புறம் அழுகை வந்தது. சந்தோஷமா துக்கமா தெரியவில்லை.

நான் பொறுமைசாலி இல்லை. தயவுசெய்து அந்தப் பட்டத்தை எனக்குக் கொடுக்காதீர்கள். எனக்கு நீங்கள் வேண்டும். நீங்கள் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டுவதை நான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஆசை அவ்வளவுதான். மாமாவுக்கு இரவில் ஓர் ஆளைப் போடலாம், என் சம்பளத்தில் கொடுக்கிறேன். பதில் எழுதுங்கள்.

உங்கள் வாயாடி


ஜூலை 10, வியாழன்

என் வாயாடிக்கு,

ஆளைப் போடுவது பற்றி அம்மாவிடம் பேச்செடுத்தேன். "பெத்த புள்ள இருக்கும்போது வேத்தாள் தொடணுமா?" என்று அழ ஆரம்பித்துவிட்டாள். அதோடு முந்தாநாள் நீ வேலைக்குப் போன பிறகு அம்மாவுக்கும் அக்காவுக்கும் பெரிய சண்டை. அக்கா பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டில் போய் உட்கார்ந்துவிட்டாள், குழந்தையோடு. கெஞ்சிக் கூட்டிவந்தேன்.

நான் யோசித்தது இதுதான். படித்ததும் கோபப்படாமல் இரண்டாவது தடவை படி. குவார்ட்டர்ஸ் கையை விட்டுப் போய்விடக் கூடாது. அக்காவும் குழந்தையும் கொஞ்ச நாள் அங்கே இருக்கட்டும். நீ இல்லாமல் அவர்களைத் தனியாகத் தங்க ஆஸ்பத்திரியில் விடமாட்டார்கள், அதனால் நீயும் அங்கேயே இரு. உனக்கும் இந்த வீட்டு வேலையில் இருந்து ஓய்வு. நான் அப்பாவைப் பார்த்துக்கொள்கிறேன். அவள் விவகாரம் ஒரு முடிவுக்கு வந்ததும் நான் அங்கே வந்துவிடுவேன். வெள்ளிக்கிழமைகளில் உங்கள் ஆஸ்பத்திரி லிஃப்ட்டைப் பார்க்க வரும்போது கேட் வாட்ச்மேனிடம் கடிதம் கொடுக்கிறேன். உங்கள் கருவிப் பிரிவுக்குள்தான் வெளியாள் யாரையும் விடமாட்டார்களே.

நீ சரி என்றால்தான். உன் வீடு அது.

உன் என்னங்க


ஜூலை 11, வெள்ளி

என்னங்க,

சரி. நாளைக்கே அனுப்பிவையுங்கள்.


ஆகஸ்ட் 15, வெள்ளி

என்னங்க,

ஒரு மாதமாக நான் எழுதவில்லை என்று வாட்ச்மேனிடம் கேட்டீர்களாம். அந்த மனிதர் என்னிடம், "ஏம்மா, சார் மேல கோவமா?" என்கிறார். ஊர் வாயில் விழுந்தாயிற்று.

உங்கள் அக்கா நல்லவர். கட்டிலில் அவரும் குழந்தையும் படுக்கிறார்கள், நான் கீழே. "நீ மேல படு" என்று தினமும் சொல்கிறார். தினமும் வேண்டாம் என்கிறேன். பிறகு அவர் அழுவார், நான் எழுந்து உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொடுப்பேன். கதவுக்குத் தாழ்ப்பாள் போடுவதில்லை, மூடிய கதவுக்குள் இருப்பது குழந்தைக்குப் பயமாக இருக்கிறதாம்.

ஞாயிறுதோறும் வருகிறீர்கள். வந்ததும் குழாயைப் பார்க்கிறீர்கள், ஜன்னலைப் பார்க்கிறீர்கள், வக்கீல் சொன்னதை அக்காவிடம் சொல்கிறீர்கள், குழந்தைக்குப் பாடம் சொல்லித்தருகிறீர்கள். நான் டீ போடுகிறேன். நீங்கள் அதை நின்றுகொண்டே குடிக்கிறீர்கள். வாசலில் செருப்பை மாட்டும்போது என்னைப் பார்த்து, "பாத்துக்கோ" என்கிறீர்கள். எதைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று ஒருநாள்கூடச் சொல்லவில்லை.

எங்கள் வேலையில், கிருமி சாக நீராவியில் வைக்கும் ஒவ்வொரு கருவிக் கட்டின் மேலும் ஒரு நாடா ஒட்டுவோம். சூடு போதுமான அளவு ஏறினால் அதில் கறுப்புக் கோடு வரும். வெளியே இருந்து பார்த்தாலே தெரிந்துவிடும். எனக்கும் அப்படி ஒன்று ஒட்டியிருந்தால் நீங்கள் எப்போதோ பார்த்திருப்பீர்கள். கெட்டவர் இல்லை நீங்கள். வாயைத் திறந்து கேட்கிறவர்களுக்கு எல்லாம் ஓடி ஓடிச் செய்கிறவர். நானும் கேட்டேனே என்பதுதான் என் துக்கம்.

கோபம் இல்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

உங்கள்…


ஆகஸ்ட் 22, வெள்ளி

என் வாயாடிக்கு,

உன் கடிதத்தை லிஃப்ட் கூரை மேல் உட்கார்ந்து படித்தேன். கொஞ்ச நேரம் எந்த ஸ்க்ரூவைத் திருகிக்கொண்டிருந்தேன் என்றே மறந்துபோயிற்று. நான் என்ன செய்வேன் சொல். நாலு பக்கமும் பிடித்து இழுக்கிறார்கள். நீ ஒருத்திதான் இழுக்காதவள். அதனால்தானோ என்னவோ உன் பக்கம் வரவே முடியவில்லை.

இன்னும் கொஞ்ச நாள். அப்பாவின் புண் ஆறட்டும். அக்காவுக்கு வேலை கிடைக்கட்டும். என்னை நம்பு.

உன் என்னங்க


செப்டம்பர் 29, திங்கள்

என்னங்க,

இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வரும்போது நான் பஸ் ஏறியிருப்பேன். எங்கள் ஆஸ்பத்திரி வேறு ஊரில் கிளை திறந்திருக்கிறது. கருவிப் பிரிவுக்குப் பழகிய ஆள் வேண்டும் என்றார்கள், நானே போய்க் கேட்டேன். இந்த வீட்டை அடுத்த மாதக் கடைசிவரை காலி செய்யச் சொல்ல வேண்டாம் என்று சூப்பர்வைசர் அம்மாவின் காலில் விழாத குறையாகக் கெஞ்சி வாங்கியிருக்கிறேன். அதற்குள் உங்கள் அக்காவுக்கு ஓர் இடம் பாருங்கள். உங்கள் குடும்பத்துக்கு நான் செய்யும் கடைசி வேலை இது.

போன புதன்கிழமை மாமாவைப் பார்த்துவிட்டு வந்தேன். சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார்.

ஓடிப்போகிறாள், சுயநலக்காரி என்று யாராவது சொன்னால் மறுக்க வேண்டாம். எனக்கு வெறுத்துவிட்டது. உங்களை இல்லை. உங்களுக்காகக் காத்திருக்கிறவளை வெறுத்துவிட்டேன். வக்கீலுக்காக, புண்ணுக்காக, உங்கள் அம்மாவின் முழங்காலுக்காகக் காத்திருந்து, கடைசியில் மாமா போய்விட்டால் நன்றாயிருக்கும் என்று ஒருநாள் பஸ்ஸில் நினைத்துவிட்டேன். என்னைக் கூச்சப்படவிடாத மனிதரை. அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

அங்கே தங்க இடம் தருகிறார்கள். "எத்தனை பேருக்கு?" என்று கேட்டார்கள்.

"ஒருத்திக்கு" என்றேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். நின்றுகொண்டே சாப்பிடாதீர்கள்.


அக்டோபர் 9, வியாழன்

என் வாயாடிக்கு,

உன் முகவரியை உங்கள் சூப்பர்வைசரிடம் வாங்கினேன். அந்த அம்மா கேட்ட கேள்விகளை இங்கே எழுத முடியாது. எல்லாம் எனக்கு வேண்டியதுதான்.

நான் வருகிறேன். வேலையை விட்டுவிட்டு வருகிறேன். லிஃப்ட் இல்லாத ஊர் இருக்கிறதா என்ன, எனக்கு எங்கே போனாலும் பிழைப்பு நடக்கும். அக்காவுக்குத் துணிக்கடையில் வேலை கிடைத்துவிட்டது, அம்மாவோடு இருந்துகொள்வாள். இருவரும் சமாதானமாகிவிட்டார்கள். யாருக்கும் இனி நான் தேவையில்லை. உன்னோடு கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும், அது போதும். நான் உண்மையாகச் சொல்கிறேன்.

ஒரே ஒரு விஷயம். அப்பாவை அம்மாவால் புரட்ட முடியாது. அக்கா வேலைக்குப் போய்விடுவாள். மற்ற எல்லாரையும் விட்டுவிடுகிறேன். அப்பாவை மட்டும் கூட்டிக்கொண்டு வரட்டுமா? அவருக்கும் நீ என்றால் உயிர். உன் அறையில் ஒரு கட்டில் போட இடம் இருக்குமா?

உன் என்னங்க


நவம்பர் 3, திங்கள்

வாயாடிக்கு,

போன கடிதம் திரும்பி வரவில்லை. அதனால் உன் கைக்குக் கிடைத்திருக்கும்.

அதைத் தபால் பெட்டியில் போட்டுவிட்டுத் திரும்பும்போதே என்ன கேட்டோம் என்று உறைத்தது. பெட்டிக்குள் கையை விட்டுப் பார்த்தேன். எட்டவில்லை. போகிறவர்கள் திருடன் என்று நினைத்திருப்பார்கள்.

குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டோம். உன் சாமான்களைக் கட்டி அனுப்பலாம் என்று அங்கேயும் தேடினேன், இங்கேயும் தேடினேன். ஒரு புடவையும் சீப்பும் தவிர எதுவும் அகப்படவில்லை. இந்த வீட்டில் ஐந்து மாதம் இருந்தாளே, துணிமணியெல்லாம் எங்கே வைத்திருந்தாள் என்று அம்மாவைக் கேட்டேன். அம்மா அலமாரியைத் திறந்து பார்த்தாள்.

"வரும்போது கொண்டுவந்த பையிலேயேதான்டா வெச்சிருந்தா" என்றாள். "அலமாரியில அவளுக்குன்னு நாம இடம் ஒதுக்கவே இல்லையே."

புடவையும் சீப்பும் இதோடு பார்சலில் வருகின்றன.

உன் என்னங்க