முன்கூட்டிப் போர்த்திய பொன்னாடை

கட்டுகஸ்தோட்டை,
ஞாயிறு மாலை.

அன்பு மகள் எழிலரசிக்கு,

அம்மா நலம், வீடு நலம், நான் இடப்புருவத்தில் தையல்களோடு நலம். மாலைதீவுக் கடலுக்குள் நாள்தோறும் இறங்கி ஏறும் நீயும் காதுக்கும் மூச்சுக்கும் குறையின்றி இருக்க வேண்டும் என்பதே எங்கள் இருவரின் விருப்பம். நான் படியில் வழுக்கிவிட்டதாக அம்மா தொலைபேசியில் உனக்குச் சொன்னது பொய். கல் பட்டது. எறிந்தவர்கள் நம்மவர்கள், எறியப்பட்டது நிரஞ்சனை நோக்கி, நடுவில் நின்றது நான். அதை முழுதும் எழுதிய பிறகே உன் கேள்விக்கு விடை சொல்வேன். சுழியோடிகளுக்கு வழிகாட்டியாக விதி கேட்கும் குறைந்த முழுக்கு எண்ணிக்கையை எட்டிவிட்டேன், அடுத்த மாதமே அந்தப் பொறுப்பைத் தர முதலாளி அணியமாக இருக்கிறார், ஏற்கட்டுமா என்று கேட்டிருந்தாய். என்னைக் கேட்டதோடு நில்லாமல் கோயில் அறங்காவலர் சுந்தரலிங்கம் மாமாவுக்கும் சொல்லிவிட்டாய். அவர் உன் படத்தோடு பதாகை அடித்து, உனக்கென ஒரு பொன்னாடையும் வாங்கிவிட்டார்.

அதே கடையில் வாங்கிய இன்னொரு பொன்னாடையின் கதையைக் கேள். நம் சந்தியில் கைப்பேசி திருத்தும் நிரஞ்சனை நீ அறிவாய், திருகோணமலையில் சுழியோடப் பயின்று வந்து மீன்களோடு எடுத்த படங்களை ஊருக்கெல்லாம் காட்டியவன். தெல்தெனிய நீர்த்தேக்கக் கரையில் திருவிழா நீராட்டின்போது வெள்ளிவேல் பூசகரின் கையிலிருந்து நழுவி ஆழத்துக்குப் போயிற்று. மூழ்கிய பழைய ஊரின் சுவர்களும் பட்ட மரங்களும் அடியில் நிற்கும் இடம் அது. நான் எடுத்துத் தருகிறேன் என்றான் நிரஞ்சன். அடுத்த கிழமை வாடகைக் கருவிகளோடு வந்தான். வத்தேகமவுக்கு மேலே தோட்டத்தில் இருக்கும் சின்னமுத்துவின் மகன் தினேஸ், நன்றாக நீந்துவான் என்பதற்காகவே துணைக்குச் சேர்க்கப்பட்டான். காற்றுருளையை முதுகில் கட்டவும் குழாயை வாயில் கவ்வவும் அவன் கற்றது அன்று காலையில், இடுப்பளவு நீரில். ஒலிபெருக்கி முழங்க, நீரில் கால் நனையும் முன்பே நிரஞ்சனுக்குப் பொன்னாடை போர்த்தினார் மாமா. செயல் முடியும் முன் சிறப்புச் செய்வது நம்மவரைத் தின்னும் நோய். மழையில் நீர் செங்கல் நிறமாய்க் கிடந்ததைப் பார்த்து நிரஞ்சன் தயங்கினானாம். "மாமா, தண்ணி ரொம்பக் கலங்கலா இருக்கு, இன்னொரு நாளைக்குப் பாப்போமா" என்று கேட்டிருக்கிறான். "பொன்னாடையப் போத்திக்கிட்டு இன்னொரு நாளாடா? எறங்குடா சிங்கம்" என்றாராம் இவர். கூட்டம் கைதட்டியது. இருவரும் இறங்கிவிட்டார்கள். பேசுவதற்கு அழைக்கப்பட்ட நான் பேருந்திலிருந்து இறங்கி ஓடியபோது குமிழிகள் மட்டுமே தெரிந்தன.

கீழே நடந்ததை மருத்துவமனைக் கட்டிலில் நிரஞ்சனே எனக்குச் சொன்னான். கால் பட்ட நொடியில் சேறு எழுந்து கைவிளக்கு குருடாகிவிட்டது. இரு சுவர்களுக்கிடையே தினேஸின் குழாய் மரக்கிளையில் சிக்கி வாயிலிருந்து பிய்ந்தது. அவன் இருட்டில் பாய்ந்து நிரஞ்சனின் வாய்க்குழாயைப் பற்றி இழுத்தான், இழுத்த வேகத்தில் உதடு கிழிந்து பல் ஒன்று போயிற்று. நிரஞ்சன் அவன் தலைமயிரைப் பிடித்தான், குத்தினான், அவனும் குத்தினான். "மூஞ்சியிலயே ஒதச்சேன் ஐயா. கை விட்டுருச்சு. மேல வந்துட்டேன்" என்று சுவரைப் பார்த்தபடி சொன்னான். மூச்சை அடக்கிக்கொண்டு அம்புபோல் மேலே வந்தவனின் நுரையீரல் கிழிந்து, குருதி நுரையாய் வாயில் பொங்கியது.

கரையில் சின்னமுத்து கேட்டது ஒன்றே, "எம்புள்ள எங்கடா". வாய் திறந்த நிரஞ்சன் குருதியைத்தான் கக்கினான். சின்னமுத்து ஓடத்தின் துடுப்பை எடுத்து அடித்தார், காறை எலும்பு முறிந்த ஒலி எனக்குக் கேட்டது. தினேஸின் அண்ணன் கரையில் கழற்றி வைத்திருந்த அதே பொன்னாடையை நிரஞ்சனின் கழுத்தில் முறுக்கிக் கற்களின்மேல் இழுத்துச் சென்றான். சற்று முன் கைதட்டிய கைகள் கற்களைப் பொறுக்கின. நிறுத்துங்கள் என்று முழங்கினேன், எழிலரசி. வாழ்நாளெல்லாம் கூட்டங்களை எழுப்பிய குரல், ஒரு கூட்டத்தை அமர்த்த உதவவில்லை. அவன்மேல் கவிழ்ந்து படுத்தேன். காவலர் வரும்வரை எங்கள் இருவர் மீதும் கல் விழுந்தது. மறுநாள் கடற்படைச் சுழியோடிகள் தினேஸைக் கொண்டு வந்தார்கள். வாய் நிறையச் சேறு, விரல்களில் நகமில்லை. வேல் இன்னும் அங்கேயேதான் கிடக்கிறது.

அந்தச் சுழியோடிகளில் ஒருவர் நிரஞ்சனைப் பற்றிக் கேட்டது என் நெஞ்சில் அறைந்ததுபோல் இருக்கிறது. "இந்தத் தம்பி எப்பவாவது முன்னுக்குப் போயிருக்கிறாரா, இல்லாட்டி எல்லா நாளும் யாருக்காவது பின்னாலதானா" என்று கேட்டார். தெளிந்த கடல், ஒரே பாறை, எப்போதும் முன்னே ஒரு வழிகாட்டி, அதுவே நிரஞ்சனின் பட்டறிவு. உன் எண்ணிக்கையும் எனக்கு அவ்வாறே தோன்றுகிறது. நீ எழுதிய ஒவ்வொரு மடலிலும் அதே பவளப்பாறை, அதே அமைதியான காலைப்பொழுது. ஒரே முழுக்கைப் பலமுறை செய்திருக்கிறாய், அவ்வளவுதான். இழுக்கும் நீரோட்டத்தில் இறங்கு, கலங்கிய நீரில் இறங்கு, இருளில் இறங்கு, வெவ்வேறு வழிகாட்டிகளுக்குத் துணையாகப் போய் அச்சமுற்றவன் கண் எப்படி மாறுகிறது என்று பார். மூச்சுக்காக உன் முகத்தைக் கிழிப்பவனை உதைக்காமல் கொண்டுவரப் பழகு. உன் உயிரைப் பற்றிய நினைப்பு உனக்குத் தேவைப்படாத அளவுக்கு உடல் பழகிய பிறகே இன்னொருவன் உயிருக்கு உன்னிடம் இடமிருக்கும். அதுவரை அந்தப் பொறுப்பை ஏற்காதே. முதலாளி சினந்தால் சினக்கட்டும். வேறொருத்தியை அமர்த்தினால் அமர்த்தட்டும். ஒரு தாய் மாலைதீவுக் கரையில் என் மகளைப் பார்த்து என் பிள்ளை எங்கே என்று கேட்கும் நாள் வரக்கூடாது.

பதாகையை நேற்று நானே கிழித்தேன். சுந்தரலிங்கம் மாமா வாசலில் நின்று அழுதார், நான் உள்ளே வா என்று சொல்லவில்லை. உனக்கென வாங்கிய பொன்னாடையை அம்மா தீயிலிடச் சொன்னாள். நான் இடவில்லை, மடிப்புக் குலையாமல் அலுமாரியில் வைத்திருக்கிறேன். வழிகாட்டி ஆகிவிட்டேன் என்று நீ எழுதும் நாளில் அதை எடுக்க மாட்டேன். கரையில் எல்லாரும் கைதட்டிக்கொண்டிருக்க, நீர் சரியில்லை, அழைத்துச் சென்றவர்களைப் பாதியிலேயே திருப்பிக் கொண்டுவந்துவிட்டேன், எல்லாரும் என்னை ஏசினார்கள் என்று எழுது. அன்று கட்டுநாயக்கவுக்கு உன்னை வரவழைத்து, விமான நிலைய வாசலிலேயே என் கையால் போர்த்துவேன்.

முதலாளிக்கு என்ன விடை சொன்னாய் என்று புதன்கிழமைக்குள் எழுது, அம்மா உறங்குவதில்லை. காதில் வலி இருந்தால் இறங்காதே. மூச்சு நீண்டு, வாழ்வு நீண்டு, நெஞ்சுரத்தோடு வாழ்க மகளே.

உன் மறுப்பை எதிர்பார்த்திருக்கும்
அப்பா,
தனபாலன்