ஈசானிய லிங்கத்துக்கு ஒன்றரை கிலோமீட்டர்

இன்று சாயங்காலம் உன் மகள் என் மேசைமேல் ஒரு பழைய கம்ப்யூட்டர் பிளாப்பியை வைத்தாள். கறுப்பு உறை, ஒரு மூலை மடங்கியிருந்தது. மேலே ஒட்டிய தாளில் உன் குண்டு குண்டான கையெழுத்து. அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வரவில்லை. பழைய கோபம்தான் வந்தது, சுடச்சுட.

"ஆன்ட்டி, வர்ற ஞாயித்துக்கிழமை அம்மாவுக்குப் படத்திறப்பு. அவங்க செஞ்ச ப்ரோகிராமை அங்க ஓட்டிக் காட்டலாம்னு இருக்கோம். இதைப் போடுற பழைய கம்ப்யூட்டர் உங்க ஸ்கூல்லதான் இருக்குன்னாங்க" என்றாள்.

அவங்க செஞ்ச ப்ரோகிராம்! கேட்டாயா? செத்தும் என்னை விடமாட்டாய் போலிருக்கிறது. நீ போன செய்தி வந்தபோது நான் வரவில்லை. காரியத்துக்கும் வரவில்லை. வந்தால் மாலையோடு போகமாட்டேன், வாய்க்கு வந்ததைப் பேசிவிட்டுத்தான் போவேன் என்று எனக்கே பயமாக இருந்தது.

தொண்ணூறுகளின் தொடக்கம். நீ பூகோளம், நான் கணக்கு. பள்ளிக்கு முதல்முதலாக ஒரு கம்ப்யூட்டர் வந்தது. பிள்ளைகளுக்குக் கணக்கையும் வரைபடத்தையும் சேர்த்துச் சொல்லித்தர ஒரு விளையாட்டு செய்யலாமா என்று கேட்டவள் நீ. நம் அண்ணாமலையைச் சுற்றி எட்டுத் திசைக்கு எட்டு லிங்கம். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு எந்தத் திசை, எவ்வளவு தூரம் என்று திரை கேட்கும், பிள்ளைகள் பதில் அடிக்க வேண்டும். தூரத்தை நாமே நடந்து, காலடியை எண்ணி அளந்தோம். அடி அண்ணாமலை வருவதற்குள் நீ செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, "நீ எண்ணுடி, எனக்குக் கால் போச்சு" என்று ஒரு கடையில் உட்கார்ந்து நன்னாரி சர்பத் குடித்தாய். நான் எண்ணிக்கொண்டே நடந்தேன்.

வரைபடம் உன் கைவேலை. அதை நான் என்றைக்கும் மறுத்ததில்லை. கிராஃப் தாளில் கட்டம் கட்டமாக நீ வரைந்த மலை அத்தனை அழகு. ஆனால் அதை ஓடவைத்தவள் நான். மூன்று மாதம், பள்ளி விட்டபின் தினமும் ஒரு மணி நேரம். நீ பக்கத்தில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்தபடி, "கம்ப்யூட்டர் பொய் சொல்லாதுடி" என்பாய். உனக்குத் தெரிந்த ஒரே கட்டளை, திரையில் எழுத்தை வரவழைக்கும் 'பிரிண்ட்'. அதையும் நான்தான் கற்றுக்கொடுத்தேன்.

அந்த ஒன்றை வைத்தே என் கழுத்தை அறுத்தாய். மாவட்டக் கண்காட்சிக்கு இரண்டு நாள் முன்னால் திறந்து பார்க்கிறேன், முதல் திரையில் உன் பெயர் மட்டும். கேட்டதற்கு என்ன சொன்னாய்? "உன் பேரு நீளம்டி. ஒரு வரியில நாப்பது எழுத்துதான் புடிக்குது. ரெண்டு பேரும் அடங்கலை."

நான் சண்டை போடவில்லை. ஏன் தெரியுமா? அதற்கு முந்தின நாள்தான் ஏழாம் வகுப்பு நஸ்ரீன் ஒரு தப்பைக் கண்டுபிடித்திருந்தாள்.

இந்திர லிங்கத்திலிருந்து ஈசானிய லிங்கத்துக்குக் குறைந்த தூரம் எது என்று திரை கேட்டது. அவள் ஒன்றரை என்று அடித்தாள். திரை 'ராங்' என்றது. "எப்படி மிஸ் ராங்கு? எங்க வூடு ஈசானியத்தாண்டதான் இருக்குது. தெனம் நடந்துதான வரேன்" என்றாள். நம் பள்ளி இந்திர லிங்கத்துப் பக்கம்தானே; அவள் சொன்னதுதான் சரி. நம் இரண்டு பேருக்கும் மலையை வலமாகத்தான் சுற்றத் தெரியும். பிறந்ததிலிருந்து கால் அந்தப் பக்கமே போய்ப் பழகியதால், இந்திர லிங்கத்திலிருந்து தெற்கே இறங்கி, மேற்கு, வடக்கு என்று முழு மலையையும் சுற்றிப் பன்னிரண்டரை கிலோமீட்டர் என்று எழுதி வைத்திருந்தேன். நீயும் பார்த்துத் தலையாட்டினாய். பக்கத்துத் தெரு மாதிரி இருக்கும் இடத்துக்கு ஊரையே சுற்றும் வழி!

முதல் திரையில் உன் பெயரை மட்டும் பார்த்த அன்றிரவே யோசித்து, மறுநாள் இன்னொரு பிளாப்பியில் திருத்தினேன். உன்னிடம் மூச்சுவிடவில்லை. எல்லார் முன்னாலும் உன் முகத்தில் கரி பூசப்பட வேண்டும் என்று காத்திருந்தேன்.

கண்காட்சியில் வடக்கத்தி அதிகாரி ஒருவர் சரியாக அந்தக் கேள்விக்கே வந்தார். நீ பன்னிரண்டரை என்று அடித்துக் காட்டினாய். "பக்கத்திலேதானே இருக்கு? ஏன் இவ்ளோ தூரம்?" என்றார். கூட்டத்தில் என்னைத் தேடினாய். திருத்திய பிளாப்பி என் கைப்பையில் இருந்தது. நான் பையின் ஜிப்பைப் பிடித்துக்கொண்டு கல் மாதிரி நின்றேன். அதற்குள் நம் தலைமையாசிரியர் புகுந்து, "சார், எங்க ஊர்ல மலையை அந்தப் பக்கமா சுத்தமாட்டோம்ங்க" என்றார். அந்த மனிதர் கைகூப்பினார். "ஆஹா, பக்தி!" என்றார். முதல் பரிசு உனக்கு.

அந்தக் கோப்பையோடு நீ சென்னைக்கு வேலைக்குப் போனாய். நம் விளையாட்டு கீழ்பென்னாத்தூர் வரைக்கும் பள்ளி பள்ளியாக நகலெடுக்கப்பட்டது. எல்லாவற்றிலும் உன் பெயர், எல்லாவற்றிலும் அந்தத் தப்பு. ஒவ்வொன்றையும் கேள்விப்படும்போது என் மனம் குளிர்ந்தது. என்றைக்காவது உனக்கு வேண்டியவர் ஒருவரிடம், "எழுதினது அவ இல்ல, நான்" என்று சொல்லி உன் மானத்தை வாங்க வேண்டும் என்று கறுவிக்கொண்டே இருந்தேன். இன்று உன் மகளே வந்து உட்கார்ந்தபோது, மாட்டினாயடி என்றுதான் நினைத்தேன்.

பிளாப்பியைப் போட்டேன். உன் பெயர் வந்தது, மலை வந்தது, அந்தக் கேள்வியும் வந்தது. அவள் ஒன்றரை என்று அடித்தாள். 'ராங்'. சிரித்துவிட்டாள்.

"நாலாவது படிக்கறப்பவும் இதேதான் ஆன்ட்டி போட்டேன். மூணு தடவை போட்டேன். அம்மா தலையில குட்டினாங்க. கம்ப்யூட்டர் பொய் சொல்லாதுடின்னாங்க. எனக்குக் கணக்கே வராதுன்னு அன்னிக்கு முடிவு பண்ணேன். அப்புறம் அது பக்கமே போகலை."

இத்தனை வருடம் தீட்டி வைத்திருந்த வாக்கியத்தைச் சொன்னேன். "இதை எழுதினது உங்கம்மா இல்லம்மா. நான்."

"அப்ப இந்த ராங்கு?"

"அதுவும் நான்தான். திருத்தினேன். உங்கம்மாகிட்ட குடுக்கலை."

அலமாரியிலிருந்து என் பிளாப்பியை எடுத்துப் போட்டேன். ஒன்றரை. 'ரைட்' என்றது. அவள் முதல் திரைக்குப் போனாள். "இதுல அம்மா பேரு இல்லையே ஆன்ட்டி. மேப் அவங்க போட்டதுதானே?"

ஆமாம், எடுத்துவிட்டிருந்தேன். நீயாவது எனக்கு ஒரு சாக்குச் சொன்னாய். உன் பெண்ணிடம் சொல்ல எனக்கு ஒரு சாக்கும் கிடைக்கவில்லை.

"ரெண்டு பேரையும் போட்டுக் குடுங்க ஆன்ட்டி. ஞாயித்துக்கிழமை இதையே ஓட்டலாம்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் தலையில் விழுந்த குட்டு என்னோடுதான் இருக்கும். அதற்காக உன்னை மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே. அவள் போனபின் உட்கார்ந்து, 'பிரிண்ட்' என்று அடித்து, உன் பெயர், ஓர் இடைவெளி, என் பெயர் என்று சேர்த்தேன். எண்ணிப் பார்த்தேன். முப்பத்தொன்று. ஒரே வரியில் அடங்கி, இன்னும் ஒன்பது கட்டம் மிச்சமிருந்ததடி.