தாமானுக்கு வராத பஸ்

அன்புள்ள அப்பா,

நேரில் சொல்ல வாய் வராது, அதனால் எழுதுகிறேன். நம் தாமான் குடியிருப்பில் வீடுகள் வருமுன், ரப்பர் தோட்டமாக இருந்தபோதே ஓடிய பஸ் இப்போது வருவதில்லை. ரயிலடிவரை நடந்தே போவதால் மூன்று முறை வேலைக்குத் தாமதம். இன்னொரு முறை என்றால் வேலை போய்விடும்.

எரிச்சலோடு பஸ் அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்த அக்கா சிரித்தார்.

"உங்க தாமான் ஆளுங்கதானம்மா சத்தம் தாங்கலன்னு மனு கொடுத்தீங்க? இப்ப பஸ் வேணுமா?"

பழைய மனுவைக் காட்டினார். முதல் கையெழுத்து உங்களுடையது. மகள் பரீட்சைக்குப் படிக்கிறாள் என்று காரணமும் எழுதியிருந்தீர்கள்.

படித்து முடித்துவிட்டேன், அப்பா.

பஸ் கேட்டுப் புது மனு எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். முதல் கையெழுத்துக்கான வரியைக் காலியாக விட்டிருக்கிறேன்.

உங்கள் மகள்