முழுத் தொட்டியில் அளந்த விமானங்கள்

ஹாஜியார்,

இன்று காலை கட்டுகஸ்தோட்டைப் பெற்றோல் செட்டில் பம்ப் அடிப்பவர் வழக்கம்போல, "புல் டேங்க் நேத மாத்தயா?", முழுத் தொட்டிதானே ஐயா, என்று சிங்களத்தில் கேட்டுக்கொண்டே குழாயைச் செருகினார். "வேண்டாம், அரைவாசி போதும்" என்றேன். அவர் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். எனக்குச் சுகமில்லையோ என்று நினைத்திருக்கக்கூடும். விரல்களில் ஒட்டிய பெற்றோல் மணத்தோடு வீட்டுக்கு வந்து, கையைக் கழுவாமலே இதை எழுத உட்கார்ந்துவிட்டேன். உங்களிடம் ஒப்புக்கொள்ள வேண்டிய பிழை ஒன்று இருக்கிறது. நீங்கள் போய் ஐந்து மாதம் கழித்துச் சொல்கிறேன். உயிரோடு இருந்தபோது சொல்லியிருந்தால் சிரித்திருப்பீர்கள். ஆனால் அப்போது அது எனக்கே தெரியாது.

நம்மைச் சேர்த்து வைத்ததும் பெற்றோல்தான். எங்கும் எரிபொருள் கிடைக்காத அந்த நாட்களில், ஆற்றோர வீதி நெடுக வாகனங்கள் மூன்று நாளாக அசையாமல் நின்றன. என் பழைய காருக்குப் பின்னால் உங்கள் வேன். இரண்டாம் நாள் நீங்கள் வேனிலிருந்து இரண்டு பிளாஸ்டிக் கதிரைகளை இறக்கி, ஒன்றில் என்னை இருத்தி, இஞ்சித் தேத்தண்ணி ஊற்றித் தந்தீர்கள். பிறகு மடியில் கணினியைத் திறந்து விமானம் ஓட்டத் தொடங்கினீர்கள். அக்குறணையில் வாகன உதிரிப்பாகக் கடை வைத்திருக்கும் நரைத்த தாடிக்காரர் ஒருவர், பழைய உலகப் போர் விமானமொன்றில் ஏறி, எந்த நாட்டிலோ இருக்கும் யாரையோ இணையத்தில் துரத்திச் சுட்டுக்கொண்டிருந்தார். நான் வாய் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பெற்றோல் இல்லாம ஓடுற ஒரே வாகனம் இதுதான் சேர்," என்றீர்கள். "வாங்க, ஏறுங்க."

"எனக்கு உது சரிவராது ஹாஜியார். கொண்டுபோய் இடிச்சுப்போடுவன்."

"இடிச்சா என்னா? அடுத்த நிமிஷம் புதுசா ஒண்டு தருவான். என்னத்துக்குப் பயம்?"

பயம் எதற்கு என்று எனக்கே தெரியாத கேள்வி அது. நில அளவை வேலையில் முப்பத்தைந்து வருடம் இருந்தவன் நான். போகும் வழியில் அளந்ததைத் திரும்பும் வழியிலும் அளந்து பார்க்காமல் வரைபடத்தில் ஒரு கோடு போட்டதில்லை. அதைத் திறமை என்று மற்றவர்கள் சொன்னார்கள். என்மீதே எனக்கு நம்பிக்கை இல்லாததுதான் காரணம் என்பது எனக்குத் தெரியும்.

ஆகவே விளையாட்டுக்குள் வந்த பிறகும் நான் சண்டைக்குப் போகவில்லை. எதிரிகளே இல்லாத பயிற்சி வானத்தில் தனியாகப் பறந்து, ஒவ்வொரு விமானமும் ஒரு முழு வட்டம் திரும்ப எத்தனை விநாடி எடுக்கிறது, எவ்வளவு வேகமாக மேலே ஏறுகிறது என்று அளந்தேன். ஒவ்வொன்றையும் மும்முறை அளந்து சராசரி எடுத்துக் கொப்பியில் எழுதினேன். நாற்பத்தொரு விமானங்கள். நீங்கள் அதைப் படமெடுத்து உங்கள் அணியின் குழுவில் போட்டு, "எங்கட சேர்ட டேபிள்" என்று பெருமை பேசினீர்கள். உங்களையும் சேர்த்து எட்டுப் பேர் கொண்ட அந்த அணி, அதன்பிறகு என் அட்டவணையைப் பார்த்துத்தான் விமானம் தெரிந்தெடுத்தது. பின்னேரம் நாலு மணிக்கு என்னைத் தேட உலகத்தில் எட்டுப் பேர் கிடைத்தார்கள். நீங்கள் சண்டைக்குக் கூப்பிடும்போதெல்லாம் "இன்னும் ரெண்டு அளக்கக் கிடக்கு" என்று தப்பிக்கொள்வேன்.

உங்கள் உயிர் மஸ்டாங் விமானத்தில்தான் இருந்தது. என் அட்டவணையிலோ, வட்டம் திரும்புவதில் அதற்கு முப்பத்தெட்டாம் இடம். இருபத்தைந்து விநாடி.

"அவ்வளவு மோசமில்ல சேர். எங்கயோ பிழக்கிது," என்று பல தடவை சொன்னீர்கள். நான் மறுபடியும் அளந்தேன். மறுபடியும் இருபத்தைந்து. ஒரு வாரம் தொடர்ந்து நீங்கள் சுடப்பட்டு விழுந்தபோது, கொப்பியைப் பார்த்து, மஸ்டாங்கை விட்டுவிட்டு ஸ்பிட்பயர் எடுக்கும்படி சொன்னேன்.  "சேர் அளந்து சொன்னா சரிதான்," என்றீர்கள். கடைசி இரண்டு மாதமும் ஸ்பிட்பயர்தான். எப்படி இருக்கிறது என்று ஒருநாள் கேட்டேன்.

"மிச்சம் நல்ல ப்ளேன். ஆனா மாமியார் ஊட்டுக் கதிர மாதிரி சேர். சாஞ்சு உக்கார ஏலா."

சிரித்தோம். அடுத்த மாதம் உங்கள் ஜனாஸா நல்லடக்கத்துக்கு மாத்தளை பஸ்ஸில் வந்து இறங்கி, உள்ளே போகலாமா கூடாதா என்று தெரியாமல் வீதியோரம் நின்றேன். உங்கள் மகள் ஸரீனாவின் கணவர் வந்து கையைப் பிடித்துக் கூட்டிப் போனார்.

நாலரை மாதத்துக்குப் பின் ஸரீனா உங்கள் கணக்கைத் திறந்து அணிக்குள் வந்தாள். வாப்பாவின் மஸ்டாங்கைத்தான் ஓட்டுவேன் என்றாள். நான் அட்டவணையை எடுத்துக்காட்டி எச்சரித்தேன். மறுநாள் பின்னேரம் கூப்பிட்டாள்.

"சேர், நான் அளந்து பாத்தேன். இருபத்தொரு செக்கன்தான் எடுக்குது."

"பிழையா எண்ணியிருப்பீங்கள் பிள்ளை."

"மூணு தரம் எண்ணினேன். சேர், நீங்க டேங்குக்கு எவ்வளவு எண்ண போடுறீங்க?"

"புல்."

"புல்லா? எல்லாத்துக்குமா?" அவள் சிரிப்பை அடக்கப் பார்த்தது கேட்டது. "சண்ட கால்மணித்தியாலத்துல முடியும். வாப்பா கால் டேங்க்தானே போடுவாரு. நீங்க ஜேர்மனி போய்த் திரும்பி வாறதுக்கு எண்ண ஏத்திக்கிட்டு வட்டம் அடிக்கிறீங்களா?"

கொப்பியை முதல் பக்கத்துக்குப் புரட்டினேன். முதல் நாள், புறப்படுமுன் எவ்வளவு எரிபொருள் என்று விளையாட்டு கேட்டது. மூன்று நாள் வரிசையில் நின்ற மனிதன் வேறென்ன சொல்வான்? முழுவதும் என்றேன். அதன்பின் அது கேட்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. ஸ்பிட்பயரின் தொட்டி சிறியது. நிரப்பினாலும் பெரிய வித்தியாசமில்லை. மஸ்டாங் தூரதேசம் போய்வரச் செய்த விமானம், விமானியின் முதுகுக்குப் பின்னாலும் அதற்கொரு தொட்டி. அதை நிரப்பிவிட்டுத் திருப்புவது, அரிசி மூட்டை ஏற்றிய லொறியைக் கடுகண்ணாவை மலை வளைவில் திருப்புவதுபோல. மும்முறை அளந்தேன், சராசரி எடுத்தேன், மூன்று தடவையும் ஒரே பிழையைச் செய்தேன். நீங்கள் கால் தொட்டியோடு பறப்பதும், நான் முழுத் தொட்டியோடு பறப்பதும், நம் இருவருக்கும் சொல்லத் தோன்றாத அளவுக்கு இயல்பாக இருந்திருக்கிறது. உங்கள் கடைசி இரண்டு மாதத்தை நான் மாமியார் வீட்டுக் கதிரையில் கழிக்க வைத்துவிட்டேன், ஹாஜியார். அதற்கு எந்தத் திருத்தமும் இல்லை.

ஆனால் அட்டவணைக்குத் திருத்தம் இருந்தது. ஞாயிறு பின்னேரம் காலி நகர அணியோடு போட்டி. ஏழு பேரும் என் கொப்பியை நம்பி விமானம் தெரிந்தெடுத்திருந்தார்கள். சொன்னால் என் மதிப்புப் போகும், ஒருவேளை அந்த நாலு மணியும் போகும். சொல்லாவிட்டால் உங்களுக்குச் செய்ததை ஏழு பேருக்கும் செய்தவனாவேன். இரண்டு நாள் குழுவுக்கு எழுதி எழுதி அழித்தேன். புதன்கிழமை எல்லோரும் கூடியிருந்தபோது மைக்கைத் திறந்தேன்.

"பிள்ளையள், என்ர அட்டவணை பிழை. நாப்பத்தொண்டும் பிழை. எல்லாத்தையும் புல் டேங்கோட அளந்துபோட்டன்."

 கெலிஓயாவில் போன் திருத்தும் கடை வைத்திருக்கும் செல்வத்தின் குரல் வந்தது.

"அப்ப போன மூணு மேட்ச்சும் நாங்க தோக்கல, டேபிள்தான் தோத்திச்சு! இத நான் என் சம்சாரத்துக்கிட்டச் சொல்லணும்."

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிப்பதா வேண்டாமா என்று யோசிப்பதற்குள், ஆளுக்கு ஆறு விமானம் என்று ஸரீனா பங்கு பிரித்துவிட்டாள். ஒவ்வொன்றுக்கும் கால் தொட்டியில் ஓர் அளவு, அரைத் தொட்டியில் ஓர் அளவு. சனிக்கிழமைக்குள் முடிந்தது. மஸ்டாங் பதினாறாம் இடத்துக்கு ஏறியது. முதலாவது இல்லை. உங்களை மகிழ்விக்க ஒரு விநாடியைக்கூட நான் குறைக்கவில்லை.

"சேருக்கு ஒரு தண்டன குடுக்கணுமே," என்றார் செல்வம். "இந்த வாரம் ஒராளு வரல, அந்த எடம் காலியாத்தான இருக்கு. ஞாயித்துக்கிழம நீங்க வாங்க."

"எனக்குச் சண்டை தெரியாது தம்பி."

"எங்களுக்கு மட்டும் தெரியுமா? ஒருக்கா மேட்ச்சப் பாத்தீங்கன்னா வெளங்கிடும்."

போனேன், ஹாஜியார். கால் தொட்டியோடு போனேன். நிமிடத்துக்கு நிமிடம் எரிபொருள் முள்ளைப் பார்த்தேன். ஸரீனாவின் மஸ்டாங்குக்குப் பின்னால் பறப்பது மட்டும்தான் என் வேலை. நாலாவது நிமிடத்தில், அவளுக்குப் பின்னால் மேகத்திலிருந்து ஒருவன் இறங்குவதைக் கண்டேன். "பிள்ளை, பின்னுக்கு! வலப்பக்கம் திருப்பு!" என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. அவள் திருப்பினாள். அவனை மறிக்கப் போன என்மீது அவனுடைய குண்டுகள் பட்டு, என் இறக்கை ஒன்று கழன்றது.

கீழே விழுந்துகொண்டிருந்தேன். மேலே அவள் வட்டம் அடிப்பது தெரிந்தது. பழக்கதோஷத்தில் எண்ணினேன். அவள் முழுதாகத் திரும்பி அவன் முதுகுக்குப் பின்னால் வந்தபோது என் கணக்கு இருபதில் நின்றது. சுட்டாள். அவனும் என்னைத் தொடர்ந்து விழுந்தான். செல்வம் காது கிழியக் கத்தினார். போட்டியில் என்னவோ தோற்றோம்.

இருபது, ஹாஜியார். புதிய அட்டவணையில் இருபத்தொன்று என்று இருக்கிறது. அந்த நேரம் அவளிடம் குண்டுகள் பாதி தீர்ந்திருந்தன. அவற்றின் பாரத்தை நான் கணக்கில் எடுக்கவே இல்லை. முன்பென்றால் இப்படியொரு பிழை கண்டால் எனக்கு இரண்டு நாள் சோறு இறங்காது. நேற்று உடனே அவர்களைக் கூப்பிட்டு, இன்னும் பிழை இருக்கிறது என்று சொன்னேன். நாளை நாலு மணிக்கு மறுபடியும் அளக்கப் போகிறோம்.