முதல் பாதி சொல்ல ஆள் வேண்டும்

மார்ச் 3, செவ்வாய்

தம்பிக்கு,

நலமா என்று கேட்கவில்லை. நலமாகத்தான் இருப்பாய். யாரைப் பற்றியும் கவலைப்படாதவர்களுக்குத் தலைவலிகூட வராது. போனில் பேசினால் ஐந்தாவது நிமிடம் சண்டையில் முடிகிறது, அதனால் எழுதுகிறேன்.

என் தொண்டையில் முடிச்சாம். இருபத்திரண்டு வருஷம் ஆறாம் வகுப்புக்குப் பின்னக் கணக்கைக் கத்திக் கத்திச் சொல்லிக்கொடுத்ததற்குக் கிடைத்த பரிசு. 12-ம் தேதி ஆபரேஷன். அதன் பிறகு மூன்று வாரம் ஒரு வார்த்தை பேசக் கூடாது. டாக்டர் இதைச் சொன்னபோது கூட வந்திருந்த தலைமையாசிரியை முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது, அதை மன்னித்துவிட்டேன்.

பிரச்சினை அம்மா. பக்கவாதம் வந்து ஏழு மாதம் ஆகிறது. நீ ஒரு தடவை வந்து நாற்பது நிமிடம் இருந்தாய், அதில் பாதி பால்கனியில் போனோடு. அவளுக்குத் தண்ணீர் என்று சொல்ல வராது, என்னைக் கூப்பிட வராது. ஆனால் சாயங்காலம் ஜெபமாலையில் ஒவ்வொரு 'மரியே வாழ்க'வுக்கும் நான் முதல் பாதியைச் சொன்னால் இரண்டாம் பாதி அவள் வாயிலிருந்து முழுசாக வருகிறது. பேச்சுப் பயிற்சி கொடுக்க வரும் பெண், "அவங்களுக்கு மிச்சம் இருக்கிறது இது ஒண்ணுதான், ஒரு நாளும் விட்டுடாதீங்க, விட்டா வாய் மூடிக்கும்" என்றாள்.

அப்பா இருந்தவரை முதல் பாதி அவர் சொல்வார், நாம் மூவரும் இரண்டாம் பாதி. அவருக்குப் பிறகு நான். இனி யார்? பகலில் வரும் நர்ஸ் புத்தகத்தைப் பார்த்து வாசித்துப் பார்த்தாள். அம்மா அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வீட்டுக் குரல்தான் வேண்டுமாம் மகாராணிக்கு. மூன்று வாரம் வந்து இரு. கெஞ்சவில்லை, சொல்கிறேன்.

அக்கா

*

மார்ச் 6, வெள்ளி

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தொண்டை குணமாகட்டும். அதற்காக ஜெபிக்க மாட்டேன், கோபித்துக்கொள்ளாதே.

லீவு கிடையாது. அதோடு, நீ என்ன கேட்கிறாய் என்று யோசித்துப் பார்த்தாயா? ஒரே வாழ்த்தை ஐம்பத்துமூன்று தடவை சொல்ல ஒரு வளர்ந்த மனிதன் வேலையை விட்டு வர வேண்டும். எந்தப் பெண்ணையாவது ஐம்பத்துமூன்று தடவை "வாழ்க" என்றால் அவள் போலீஸைக் கூப்பிடுவாள். சின்ன வயதில் முட்டி தேயத் தேய உட்கார்ந்து, அப்பா எக்ஸ்பிரஸ் வண்டி மாதிரி ஓட்டுவதைக் கேட்டுக்கொண்டு, எத்தனை மணி மிச்சம் என்று எண்ணியது மட்டும்தான் எனக்கு ஞாபகம். அதில் என்ன அர்த்தத்தைக் கண்டீர்கள்? கிளிக்குப் பழம் கிடைக்கும், உங்களுக்கு அதுவும் இல்லை.

அம்மா பேசவில்லை, ஒப்பிக்கிறாள். ஒப்பிக்க வைக்க மனிதன் எதற்கு? ஒரு பதிவு போதும். என் தொழிலே அதுதான். சொன்னால் செய்து அனுப்புகிறேன்.

அன்புடன்,
தம்பி

*

மார்ச் 8, ஞாயிறு

மேதாவித் தம்பிக்கு,

உன் தொழில் எனக்குத் தெரியாதா? கம்பெனிக்குப் போன் செய்கிறவன் காதில் "உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம்" என்று நாள் முழுக்கச் சொல்லும் குரலைத் தயாரிக்கிறாய். ஐம்பத்துமூன்று தடவை என்று நீ அலுத்துக்கொள்கிறாய்! நாங்களாவது முக்கியமானவளைத்தான் வாழ்த்துகிறோம்.

அர்த்தம் கேட்டாயே, சொல்கிறேன், உனக்குப் புரியும் என்று அல்ல. நான் ஒன்றும் மெய்ம்மறந்து சொல்வதில்லை. முதல் பத்து மணியில் நாளைக்கு என்ன சமைப்பது என்று ஓடும். இரண்டாம் பத்தில் உன் மேல் கோபம் வரும். மூன்றாவதில் கோபம் களைத்துப்போகும். அப்போதுதான் அன்றைக்குத் தியானிக்க வேண்டிய இயேசுவின் வாழ்க்கைக் காட்சி கண்ணில் படும்: தோட்டத்தில் தனியாக வியர்த்துக்கொண்டு ஒருவர், தூங்கிவிட்ட நண்பர்கள். எண்ணிக்கையை விரல் பார்த்துக்கொள்கிறது, வார்த்தையை வாய் பார்த்துக்கொள்கிறது, மனசுக்கு வேலை இல்லாமல் போய்க் கடைசியில் அது உட்காருகிறது. கணக்கு டீச்சரான எனக்கு அது போதும்.

இன்னொன்றும் இருக்கிறது. முதல் பாதி வாழ்த்து, இரண்டாம் பாதி வேண்டுதல். இரண்டையும் ஒருத்தியே சொல்லலாம், ஆனால் நம் வீட்டில் ஒருவர் சொல்லி நிறுத்துவார், மற்றவர் எடுப்பார். ஒருவர் வாயை மூடினால்தான் இன்னொருவருக்கு இடம். நீ எந்தப் பேச்சிலும் அந்த இடத்தை விட்டதில்லை.

பதிவை அனுப்பு. எனக்கு வேறு வழி இல்லை.

அக்கா

*

மார்ச் 10, செவ்வாய்

அக்காவுக்கு,

பிரசங்கத்துக்கு நன்றி. பழைய போன் ஒன்றைக் கூரியரில் அனுப்பியிருக்கிறேன். பச்சைப் பட்டனை அமுக்கினால் போதும், நர்ஸே செய்யலாம். இணையத்தில் பார்த்து வாசித்தேன், எங்கள் ஸ்டூடியோவில், சுத்தமான ஒலி. ஒவ்வொரு வாழ்த்துக்கும் பிறகு ஐந்து விநாடி இடைவெளி. எங்கள் துறையில் அதற்கு மேல் மௌனம் இருந்தால் ஆள் லைனை வெட்டிவிடுவான். மொத்தம் பதினாறு நிமிடத்தில் உங்கள் சொர்க்கம் முடிந்துவிடும்.

தம்பி

*

மார்ச் 17, செவ்வாய்

தம்பி,

நான்கு நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு நேற்று வந்தேன். நர்ஸ் தினமும் பச்சைப் பட்டனை அமுக்கியிருக்கிறாள். "பெரியம்மா அமைதியாக் கேட்டுக்கிட்டே இருக்காங்க" என்று சந்தோஷமாகச் சொன்னாள். முதல் நாள் மட்டும் கொஞ்சம் அழுதார்களாம்.

நேற்று சாயங்காலம் பக்கத்தில் உட்கார்ந்து நானே கேட்டேன். நல்ல குரல், சுத்தமான ஒலி. அம்மாவின் வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது உனக்குத் தெரியுமா? நாற்பது நிமிடத்தில் கவனித்தாயா? அவளுக்கு இரண்டாம் பாதி சொல்லப் பதினோரு விநாடி வேண்டும். அவள் "பாவிகளாய் இருக்கிற" என்று வருவதற்குள் நீ அடுத்த வாழ்த்தை ஆரம்பித்துவிடுகிறாய். முதல் நாள் அவள் நிறுத்தி நிறுத்தி முதலிலிருந்து தொடங்கியிருக்கிறாள். பெற்ற பிள்ளை பேசும்போது குறுக்கே பேசக் கூடாது என்று நினைத்தாளோ என்னவோ, நான்காம் நாள் வாயை மூடிக்கொண்டாள்.

நான் ஒவ்வொரு வாழ்த்துக்கும் பிறகு போனை நிறுத்தி வைத்துப் பார்த்தேன். அவள் போனையே பார்த்துக்கொண்டிருக்கிறாள், நீ பேசி முடிக்கட்டும் என்று. அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். ஒரு சத்தம் இல்லை.

அம்மாவுக்கு மிச்சமிருந்த ஒரே பேச்சுக்கு நீ ஐந்து விநாடி ஒதுக்கினாய். முன்பின் தெரியாதவன் கூப்பிட்டால் "காத்திருங்கள்" என்று பாட்டுப் போட்டுக் காட்டுகிறவன் நீ. த்தூ. இதைக் கத்திச் சொல்ல எனக்குக் குரல் இல்லை, அதுதான் வயிறு எரிகிறது.

பதில் எழுதாதே.

அக்கா

*

மார்ச் 21, சனி

அக்கா,

எழுதாதே என்றாய், எழுதுகிறேன். கடிதத்தை ஆபீஸில் வைத்து வாசித்தேன். ஸ்டூடியோவுக்குள் போய்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு பதினோரு விநாடி சும்மா நின்றேன். எவ்வளவு நீளம்!

லீவு கேட்டேன். மேனேஜர் முறைத்தார். நான் இனிமேல் வருவேனா என்பது அவர் பிரச்சினை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ரயில், சனிக்கிழமை காலை வந்துவிடுவேன். நம்பிக்கை எதுவும் வரவில்லை, தப்பாக நினைத்துக்கொள்ளாதே. பயமாக இருக்கிறது, அவ்வளவுதான்.

தம்பி

*

மார்ச் 28, சனி
(சமையலறை மேஜை மேல்)

தம்பிக்கு,

பேசக் கூடாது என்பதால் இதையும் எழுத வேண்டியிருக்கிறது. குளித்துவிட்டு வந்து வாசி.

உன் போனைப் பிடுங்கிக்கொண்டுதான் உள்ளே அனுப்பினேன். அப்பா நாற்காலியில் உட்கார்ந்தாய். இன்றைக்கு மகிழ்ச்சியின் காட்சிகள், நம் முகங்களைப் பார்த்தால் யாரும் நம்ப மாட்டார்கள். பார்த்து வாசிக்க எதுவும் இல்லாமல் "அருள் நிறைந்த மரியே வாழ்க, ஆண்டவர் உம்முடனே" என்றாய். அடுத்த வரி எங்கே? நேராகத் திருவயிற்றின் கனிக்குத் தாவிவிட்டாய். சின்ன வயதிலிருந்து இரண்டாம் பாதியையே சொன்னவனுக்கு முதல் பாதி எப்படித் தெரியும்! நான் கதவோரம் நின்று பல்லைக் கடித்தேன்.

ஆனால் நிறுத்தினாய். காத்திருந்தாய். நான் எண்ணினேன், முதல் தடவை நாற்பது விநாடி. அவள் வாயைத் திறக்கவில்லை. மறுபடி சொன்னாய், அதே தப்போடு. பத்து மணியும் அப்படியே போயின. உன் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தது. எழுந்து போய்விடுவாய் என்று நினைத்தேன், போகவில்லை.

பதினோராவது தடவை அம்மா "ச்சு" என்றாள். நம் ரேங்க் கார்டைப் பார்க்கும்போது சொல்வாளே, அதே "ச்சு". நல்ல கையில் இருந்த ஜெபமாலையால் உன் முட்டியில் ஓர் அடி. பிறகு, "பெண்களுக்குள்" என்றாள்.

அது முதல் பாதி, நீ விட்ட வரியின் தொடக்கம். ஏழு மாதத்தில் அந்தப் பாதியிலிருந்து ஒரு சொல்லும் அவள் சொன்னதில்லை. யாரும் ஒப்பிக்க வைக்கவில்லை. பெற்ற பிள்ளை தப்பாகச் சொல்கிறானே என்று அவளே பேசினாள். இவ்வளவு படித்தவனுக்கு வாய் பேச முடியாதவள் வரி எடுத்துக்கொடுத்தாள். நன்றாக வேண்டும் உனக்கு!

உன் பையில் இருந்த துணியை எல்லாம் துவைக்கப் போட்டுவிட்டேன், அதனால் நாளைக்குக் கிளம்ப முடியாது. போன் அரிசி டப்பாவில் இருக்கிறது, தேடாதே.

நாளைக்கும் அந்த வரியை விட்டுவிட்டே சொல். அவள் அடிக்கட்டும்.

அக்கா