செவலையின் மணி

ஏப்ரல் 9, 2024, செவ்வாய்

இன்று கிடைத்தது ஒரு பொம்மையின் கை. பாலத்துக்கு அந்தப் பக்கம் ரோட்டோரம் கிடந்தது. ரப்பர் கை, ஐந்து விரலும் இருக்கிறது. சைக்கிளை நிறுத்தி, துடைத்து, மாத்திரைப் பையில் போட்டுக்கொண்டேன். வீடு வீடாகப் போய் பிரஷர் மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் கொடுக்கிறவள் பொம்மைக் கை பொறுக்குகிறாளே என்று பார்த்தவர்கள் சிரித்திருப்பார்கள். சிரிக்கட்டும்.

வேலூர் ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுத்த அம்மா சொல்லி அனுப்பியதுதான். "தினமும் புதுசா ஒரு பொருள வலது கையில குடுங்க. இன்னான்னு தடவிப் பாக்கட்டும். கையும் வரும், பேச்சும் வரும்." வீட்டுச் சாமான் எல்லாம் ஒரே வாரத்தில் தீர்ந்துவிட்டது. இந்த மலையில் தினமும் புதுப் பொருளுக்கு எங்கே போவேன்? ரோட்டில்தான் கிடைக்கிறது.

"இன்னா கொண்டாந்தேன் பாரு மாமா" என்று கையில் வைத்தேன். விரல் மடங்கவில்லை. பொம்மைக் கை தரையில் விழுந்தது. அவர் சுவரைப் பார்த்துக்கொண்டார்.

என் வீட்டுக்காரர் மாசியில் புளி உலுக்க மரமேறி விழுந்தவர். தலையில் அடி. வலது பக்கம் போனது, பேச்சும் போனது. விழுந்தது அவர், எழுந்திருக்க முடியாமல் கிடப்பது நான் என்று சில நாள் தோன்றுகிறது.

ஏப்ரல் 14

சித்திரை முதல் நாள். கால் தம்ளர் கஞ்சி. ரோட்டில் ஒன்றும் கிடைக்கவில்லை.

ஏப்ரல் 21, ஞாயிறு

பெங்களூர்க்காரர்கள் பெரிய பெரிய சைக்கிளில் மலையேற வந்திருந்தார்கள். தலையில் தொப்பி, கண்ணில் கறுப்புக் கண்ணாடி. என் சைக்கிள் பூவிழிக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்தது. மகள் இப்போது திருப்பத்தூர் விடுதியில் இருந்து படிப்பதால் எனக்கு வந்திருக்கிறது. மேட்டில் தள்ளிக்கொண்டுதான் போகிறேன். ஒருவர் எனக்குக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனார். எதற்கென்று தெரியவில்லை.

அவர்கள் போன பிறகு ஒரு சின்னச் சிவப்பு விளக்கு கிடந்தது. விட்டுவிட்டு எரிகிறது. கூப்பிட்டுப் பார்த்தேன், அவர்கள் வளைவைத் தாண்டிவிட்டார்கள். கொண்டுவந்து கையில் வைத்ததும் அவர் பார்த்தார். உண்மையாகவே பார்த்தார்! அப்புறம் கண்ணை மூடிக்கொண்டார். கூடவே இருக்கும் அவர் அக்காவை, அண்ணியைக் கூப்பிட்டு, பார்த்தாரா இல்லையா என்று சண்டை போட்டேன்.

மே 3

இரண்டு நாளாக வாயைத் திறக்கவில்லை. ஸ்பூனைக் கொண்டுபோனால் பல்லைக் கடிக்கிறார். கண் மட்டும் மாட்டுக் கொட்டகைப் பக்கம் போகிறது.

செவலையைத் தேடுகிறார். அவர் கையால் வளர்த்த பசு, சினையாக இருந்தது. நாங்கள் வேலூரில் கிடந்தபோது காட்டுக்கு மேயப் போன மாடுகளில் அது மட்டும் திரும்பவில்லை. அண்ணி பச்சையம்மா அழுதுகொண்டே சொன்னாள். இவரிடம் எப்படிச் சொல்வது? "புதூர்நாட்டுல எங்க அண்ணன் வூட்டுல வுட்டிருக்குது மாமா, நீ எழுந்ததும் ஓட்டியாரலாம்" என்றேன். அன்றைக்கு ஒரு தம்ளர் முழுக்கக் குடித்தார். அதனால் தினமும் சொல்கிறேன். செவலை நல்லா இருக்குது. செவலை வயிறு எறங்கிடுச்சு, கன்னு போடப் போவுது. பொய் சொல்லியே ஒரு மனிதனுக்குக் கஞ்சி ஊட்டுகிறேன்.

இப்போது அதுவும் செல்லுபடியாகவில்லை.

மே 16

மணி கிடைத்தது.

மூன்றாவது வளைவில், மதகுக்குக் கீழே, புல்லுக்குள். எல்லா மாட்டுக்கும்தான் மணி இருக்கிறது, இது அதுவாக இருக்காது என்று சொல்லிக்கொண்டே இறங்கினேன். அதுதான். படவேட்டுத் திருவிழாவில் ஒவ்வொரு மணியாக ஆட்டிப் பார்த்து, கடைக்காரனின் பொறுமையைச் சோதித்து அவர் வாங்கிய மணி. கயிற்றில் அவர் போடும் முடிச்சும் அப்படியே இருக்கிறது. முடிச்சுக்குப் பக்கத்தில் கத்தி போட்டிருக்கிறது. அறுந்ததில்லை. அறுத்தது. வண்டியில் ஏற்றிக்கொண்டு மணியை வீசிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். பஸ்காரர் ஹாரன் அடித்தார்.

எதற்காக இதை வீட்டுக்குக் கொண்டுவந்தேன்? திரும்ப வீசிவிட்டு வந்திருக்கலாம். கை வரவில்லை. மணியின் நாக்கைத் துணியால் சுற்றி, துண்டில் முடிந்து, சாமை டிரம்முக்குள் புதைத்திருக்கிறேன். அண்ணியிடமும் சொல்லவில்லை.

மே 17

கையில் கொடுத்தது ஒரு போல்ட். விழுந்தது.

மே 28

இன்று கத்திவிட்டேன். கஞ்சியைத் துப்பினார், என் முகத்தில். "சாவறதுன்னா செத்துப் போ மாமா. தினந்தினம் என்ன ஏன் சாவடிக்கிற?" அண்ணி என் வாயைப் பொத்தினாள். அவர் கண்ணிலிருந்து தண்ணீர் காதுக்குள் வழிந்தது. இடது கையைத் தூக்கித் துடைக்கக்கூட அவருக்குத் தெம்பு இல்லை. நான்தான் துடைத்தேன். வேறு யார் இருக்கிறார்கள்.

எலும்பும் தோலுமாக ஆகிவிட்டார். இப்படியே போனால் ஆடி வரைக்கும் தாங்குவாரா?

ஜூன் 2, ஞாயிறு

எப்படி எழுதுவது.

வாசலில் சைக்கிளை நிறுத்திக்கொண்டிருந்தேன். உள்ளே மணி அடித்தது. அண்ணி சாமை எடுக்க டிரம்முக்குள் கைவிட்டு, மூட்டை தட்டுப்பட்டதும் பிரித்து உதறியிருக்கிறாள். ஓடினேன்.

"செவல."

அவர்தான். குரல் கரகரவென்று யாருடைய குரலோ போல இருந்தது. கண் வாசலில். மாடு வந்துவிட்டது என்று பார்க்கிறார். மறுபடியும், "செவல." மூன்று மாதமாக எந்த வார்த்தைக்குக் கோயில் கோயிலாக வேண்டிக்கொண்டேனோ, அந்த வார்த்தை வந்தபோது நான் காதைப் பொத்திக்கொள்ளலாமா என்று பார்த்தேன்.

அண்ணி, "சொல்லிடு ஈஸ்வரி" என்றாள்.

சொன்னேன். காணாமல் போனது, நான் பொய் சொன்னது, மதகு, எல்லாம். மணியை மடியில் வைத்தேன். இடது கையால் கயிற்றைப் பிடித்தார். கத்தி பட்ட நுனிக்கு வலது கை நகர்ந்தது. தானாக. கட்டைவிரல் அதைத் தடவிக்கொண்டே இருந்தது. பயிற்சி அம்மா கேட்டது இதைத்தான். எனக்குச் சந்தோஷமே வரவில்லை.

அப்புறம் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஜூன் 4

தண்ணீர் மட்டும். மணி தலையணைக்குக் கீழே இருக்கிறது. என்னைப் பார்க்கவே மாட்டேன் என்கிறார். கொன்றுவிட்டேனா?

ஜூன் 7

இனிமேல் ரோட்டில் கிடப்பது ரோட்டிலேயே கிடக்கட்டும். நான் எதையும் எடுக்கப்போவதில்லை. ஒரு கண்ணாடி கோலிக்குண்டு கிடந்தது, நிற்காமல் சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஜூன் 12

பூவிழி போனில் கேட்டாள், "அப்பா எப்டிமா இருக்காரு?" இருக்காரு என்றேன்.

ஜூன் 19

மழை. நனைந்து நடுங்கிக்கொண்டு வந்தேன். அவர் திரும்பிப் படுத்திருந்தார், வாசலைப் பார்த்து. நீ திருப்பினாயா என்று அண்ணியிடம் கேட்டேன், இல்லை என்று தலையாட்டினாள்.

என் முகத்தைப் பார்த்தார். பிறகு என் கையைப் பார்த்தார். வெறுங்கை. வலது கையை மெதுவாக இழுத்துப் பாய்க்கு வெளியே வைத்து, விரித்தார்.

"இன்னா... கொண்டாந்த?"

ஒன்றும் கொண்டுவரவில்லையே. பன்னிரண்டு நாளாக ஒன்றுமே எடுக்கவில்லையே! "இரு மாமா, வண்டில இருக்குது, வர்றேன்" என்று மழையில் ரோட்டுக்கு ஓடினேன். குனிந்து குனிந்து தேடினேன். ஒரு ஒற்றைச் செருப்பு கிடந்தது, குழந்தையுடையது, வார் அறுந்தது. முந்தானையில் துடைத்துக்கொண்டே வந்து கையில் வைத்தேன்.

பிடித்துக்கொண்டார். அண்ணி கஞ்சிக்கு அடுப்பு பற்றவைக்கப் போனாள்.